மணலில் ஈரம்

செவத்தான் கொல்லை மணலைப் பறித்துவிட்டுக் குந்துவதும், எழுந்து இரண்டடி தள்ளிப்போய் மறுபடியும் பறிப்பதுமாக இருந்ததை, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாகஜோதி வெகுநேரமாகக் கவனித்தாள். வீடு பூசியபோது மிஞ்சிய மணல் சுவரோரம் குவிந்து கிடந்தது. அதுதான் அவனுக்குக் கக்கூஸ். எப்போதும் ஒரே குந்தலில் காரியத்தை முடித்து, முன்காலால் மணலைத் தள்ளி மூடி, ஒன்றும் நடக்காததுபோல வாலைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவான். இன்றைக்கு முதுகு வில்லாய் வளைய, கழுத்தை முன்னால் நீட்டி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினான். அது பூனைச் சத்தமாகவே இல்லை.

சோப்பு நுரை சொட்டும் கையோடு போய்ப் பார்த்தாள். பறித்த குழிகளெல்லாம் காய்ந்தே கிடந்தன.

"என்னங்க, இங்கன கொஞ்சம் வாங்களேன்."

ராஜபாண்டி வரவில்லை. அன்றைக்குத் திராட்சை வெட்டு. சுருளிப்பட்டியில் பாதித் தோட்டங்களில் அந்த வாரம் அதே வேலைதான். பன்னீர் திராட்சை கருத்துத் திரண்டு பந்தலுக்குக் கீழே கொத்துக்கொத்தாகத் தொங்கியது. மேற்கே மலை முகட்டில் மேகம் இறங்கி நின்றது. பழுத்த கொத்தில் ஒரு மழை இறங்கினால் போதும், பழம் வெடித்து ஈ மொய்த்துவிடும், யாவாரி திரும்பிப் பார்க்கமாட்டான்.

"ஆளுக வந்து நிக்கிறாக. நீ பூனையப் பாத்துக்கிட்டு நிக்கிற" என்று வாசலில் இருந்தே சொன்னான்.

"இவனுக்கு ஒன்னுக்கு வரமாட்டேங்குது. குந்திக் குந்தி எந்திரிக்கிறான்."

"மலங்கட்டியிருக்கும்."

"அதெல்லாம் காலையிலயே போயிட்டான். நான் பாத்தேன். இது வேற."

அதற்குப் பிறகுதான் அவன் கொல்லைக்கு வந்தான். செவத்தான் அவனை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. குனிந்து தன் அடிப்பகுதியை நக்கினான், திரும்பக் குந்தினான்.

"அப்பக் கல்லாத்தான் இருக்கும்" என்றான் ராஜபாண்டி. போன கோடையில் அவனுக்கே சிறுநீரகத்தில் கல் வந்து, வரப்பில் உருண்டு அழுதிருக்கிறான். வாழைத்தண்டுச் சாறு குடித்துத்தான் கல் இறங்கியது என்பது அவன் கட்சி. கம்பத்து ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகளை அவன் கணக்கில் சேர்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்டு வெட்டிவந்து, அவனே இடித்துப் பிழிந்து கொடுத்தான். நாகஜோதி செவத்தானைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, சங்கால் ஊற்றினாள். பாதி உள்ளே போனது. பாதி அவள் சேலையில் வழிந்தது.

"மத்தியானத்துக்குள்ள ஒன்னுக்குப் போயிருவான் பாரு" என்று சொல்லிவிட்டு அவன் ஆட்களோடு தோட்டத்துக்கு நடந்தான்.

நாகஜோதியும் கஞ்சிவாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். பந்தலுக்குக் கீழே கை கொத்தை வெட்டியது, மனம் கொல்லையிலேயே நின்றது. கத்தரிக்கோல் ஒருமுறை விரல் நுனியைக் கடித்தது. இரண்டு பிள்ளைகளும் திருப்பூரிலும் போடியிலுமாக இருக்க, வீட்டில் அவள் பேசுவதற்கெல்லாம் காது கொடுக்கிற ஆள் செவத்தான்தான். ஒரு அடைமழையில் மோட்டார் அறைக்குள் ஒதுங்கி வந்தவன், சொட்டுநீர்க் குழாயைக் கடிக்கிற எலிகளை ஒழித்துக்கட்டி, அப்படியே வீட்டு ஆளாகிவிட்டான்.

மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்தபோது, கட்டிலுக்கு அடியில் சாக்குகளுக்கு இடையே அவன் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் பச்சையாக வாந்தி. பேர் சொல்லிக் கூப்பிட்டால் காது அசைகிறது, தலை எழவில்லை. வயிற்றில் கை வைத்ததும் பல்லைக் காட்டினான். அவளைப் பார்த்து அவன் பல்லைக் காட்டியது அதுதான் முதல் தடவை. நாகஜோதி கொல்லைக்கு ஓடினாள்.

"மதினி," என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "மதினி, செத்த வாங்களேன்."

பக்கத்து வீட்டு அன்னத்தாய் எட்டிப் பார்த்தாள். கருவாட்டு யாவாரம் அவளுக்கு. நெத்திலியும் சாளையும் வாங்கிவந்து, வாசலில் ஓலைப்பாய் விரித்து இன்னொரு வெயில் காயவைத்து, சந்தை சந்தையாகக் கொண்டுபோவாள். செவத்தான் பாதி நாள் அந்தப் பாயோரம்தான் படுத்திருப்பான். காக்காய் விரட்டுகிற கூலியாக நெத்திலித் தலைகள் அவனுக்கு.

"ஏத்தா, கண்ணெல்லாம் உள்ள போயிருச்சே இவனுக்கு" என்றாள் அன்னத்தாய். "யோசிக்காதத்தா. கம்பத்துக்குத் தூக்கிட்டுப் போ. நான் வீட்டப் பாத்துக்கறேன்."

பழம் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் துண்டை விரித்து, மேலே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டி, ஆட்டோவில் ஏறினாள். வழியெல்லாம் பெட்டி இடுக்கில் விரலை நுழைத்து அவன் மூக்கைத் தொட்டுக்கொண்டே போனாள். மூச்சு படுகிறதா, படுகிறதா என்று.

கம்பத்தில் நாய் பூனைக்கெனத் தனியாக வைத்துப் பார்க்கிற ஹேமாவதி டாக்டர் சின்ன வயசுக்காரி. செவத்தானின் வயிற்றைத் தொட்டதும் அவள் முகம் மாறியதை நாகஜோதி பார்த்தாள்.

"இங்க கை வைங்கம்மா. அழுத்தாம."

தோலுக்கு அடியில் கொய்யாக்காய் அளவுக்கு உருண்டையாக ஏதோ இறுகி நின்றது.

"இதுதான் மூத்திரப்பை. மெத்துன்னு இருக்கணும். அடைச்சுக்கிட்டதால இப்படி நிக்குது. ஆம்பளைப் பூனைக்கு வழி ரொம்பக் குறுகல். கொஞ்சம் மணல் சேர்ந்தாலே போதும்."

"ஒடஞ்சுருமா டாக்டரம்மா?"

"உடையலாம். அதுக்கு முன்னாடியே விஷம் ரத்தத்துல ஏறி இதயம் நின்னுரும். நாளைக்குன்னு விடாம வந்தீங்க. வாயில எதாவது குடுத்தீங்களா?"

நாகஜோதி வாழைத்தண்டுச் சாற்றைச் சொன்னாள். டாக்டர் திட்டவில்லை. "வெளிய போக வழியில்லாதப்ப உள்ள ஊத்தினா அது எங்கம்மா போகும்? இனிமே ஊத்தாதீங்க" என்று மட்டும் சொல்லி, மயக்க ஊசியை எடுத்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நாகஜோதிக்குச் சாமி பேர்கூட வாயில் வரவில்லை. காலையில் தன் மடியில் கிடத்தி, வாயைப் பிளந்து ஊற்றியதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கதவு திறந்ததும் எழுந்து நின்றாள். டாக்டர் ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். ரோஸ் நிறத்தில் மூத்திரம். அடியில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டு, உறை மாட்டிய விரலால் தேய்த்தாள். கோலமாவைத் தேய்ப்பதுபோல நறநறவென்று கேட்டது.

"குழாய் வெச்சுத் தைச்சிருக்கேன். தினமும் கொண்டாங்க, கழுவி விடணும். ஆனா என் வேலை பாதிதான். மீதி உங்க அடுப்படியில இருக்கு. என்ன சாப்பிடுறான்?"

"நாங்க திங்கிறதுதான். பாலுஞ் சோறும். அப்புறம் கருவாடு."

"கருவாடு கூடாது. பால் வேணாம். கடையில கிலோக்கணக்குல அள்ளிக் குடுக்கிற உருண்டைத் தீனியும் வேணாம். இந்த மணலைக் கரைக்கிறதுக்குன்னே டப்பாவில ஈரச் சாப்பாடு வருது. மதுரையில இருந்து வரவைக்கிறேன். அது வர்ற வரைக்கும் உப்புப் போடாம கோழியை வேகவெச்சு, அந்தத் தண்ணியோட குடுங்க. வெறும் கோழியே மாசக்கணக்கா குடுத்தா வேற சத்துக் குறையும், அதனால டப்பாவுக்குப் பழக்கிரணும். பட்டினியும் போடக்கூடாது. பூனை தொடர்ந்து சாப்பிடாமக் கிடந்தா ஈரல் கெட்டுரும்."

"திரும்ப அடைக்குமா?"

"அடைக்கலாம். குழாயை எடுத்தப்புறம் ஒன்னுக்குப் போறானான்னு பாத்துக்கிட்டே இருங்க."

அதிலிருந்துதான் நாகஜோதிக்கு அந்தப் பயம் பிடித்தது. கழுத்தில் புனல் மாதிரி வளையத்தோடு செவத்தான் சுவரில் முட்டி முட்டி நடந்த நாட்களில்கூட அவ்வளவு இல்லை. குழாய் இருந்தது, சொட்டியது. குழாயை எடுத்த பிறகு எல்லாம் அவன் வயிற்றுக்குள் போய் மறைந்துகொண்டது. காலையில் கண் விழித்ததும் அவள் வாசல் தெளிக்கப் போவதில்லை, கொல்லைக்குத்தான் போவாள். அவன் குந்தி எழுந்த இடத்தில் மண்டியிட்டு மணலை விரலால் விலக்குவாள். எலுமிச்சை அளவுக்கு மணல் கட்டியாக ஒட்டியிருந்தால் மூச்சு வரும். கோலிக்குண்டு அளவுதான் என்றால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

"ஊருச் சனம் கடன்காரன் வாசல்ல நிக்கிற மாதிரி, நீ பூனை பின்னாடி நிக்கிற" என்றான் ராஜபாண்டி.

தீனிதான் பெரும்பாடாக இருந்தது. வேகவைத்த கோழியைத் தண்ணீரோடு வைத்தால் செவத்தான் மோந்து பார்த்துவிட்டு, மணலை மூடுவதுபோலத் தரையைப் பறித்துவிட்டுப் போனான். டப்பாச் சாப்பாடு வந்து சேர்ந்தது. அதை நக்கவும் இல்லை. தண்ணீரை இறுத்துவிட்டு, கறியை மட்டும் நாராகக் கிழித்து வைத்தபோது நாலு வாய் தின்றான். பட்டினி கிடந்தால் ஈரல் கெடுமே என்று, தின்கிறவரை தின்னட்டும் என அப்படியே வைக்கத் தொடங்கினாள். கோழி வெந்த தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

தின்றுவிட்டுச் சுவர்மேல் ஏறி, அன்னத்தாய் வீட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்வான். வெயில் ஏற ஏறக் கருவாட்டு வாடை தெருவில் இறங்கும். அவன் மூக்கு துடிக்கும்.

"மதினி, கோவிச்சுக்கிறாதீக" என்று நாகஜோதி போய்ச் சொன்னாள். "இனி இவனுக்குக் கருவாடு போடாதீக. டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லியிருக்காக."

அன்னத்தாய் பாயிலிருந்த சாளையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "எங் கருவாடு தின்னுதான் வந்துச்சுன்னு சொன்னாகளா?"

"அப்புடிச் சொல்லல."

"நீயுந்தானத்தா வாங்கி ஆக்குன."

"நானுந்தான் மதினி. இல்லைன்னா சொன்னேன்?"

"சரி. போடல. நீ போ" என்றாள் அன்னத்தாய். அவள் முகம் நிமிரவே இல்லை.

மறுவாரம், கடைசி வெட்டு. காலையிலிருந்தே மலை தெரியவில்லை. செவத்தானை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாகஜோதி தோட்டத்துக்குப் போயிருந்தாள். பாத்திரம் எடுக்க வந்தபோது ஜன்னல் கம்பி இடுக்கில் செவலை முடி ஒட்டியிருந்தது. உள்ளே அவன் இல்லை. கொல்லையில் இல்லை. பேரைச் சொல்லிக்கொண்டே தெருவுக்கு ஓடினாள். அன்னத்தாய் வீட்டு வாசலில், வழக்கமாகப் பாய் விரிக்கிற இடத்தில், அவன் குந்தியிருந்தான். முதுகு வில்லாய் வளைந்திருந்தது. அதே சத்தம்.

அன்னத்தாய் குடத்தோடு குழாயடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள்.

"குடுத்துட்டீகளா மதினி?"

"எத?"

"கருவாட்டத்தான். அம்புட்டுச் சொல்லியும் குடுத்துட்டீகளா? உங்களுக்கு ஒரு நெத்திலித் தலை. எனக்கு இவன் உசுருல்ல."

குடத்துத் தண்ணீர் தளும்பி அன்னத்தாயின் இடுப்பில் வழிந்தது. கூட நின்ற பெண்களை ஒரு தடவை பார்த்தாள்.

"குடுக்கல" என்றாள்.

"பின்ன எதுக்கு இங்கன வந்து குந்துறான்?"

அன்னத்தாய் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

நாகஜோதி அவனைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். பெருந்துளியாக மழை ஆரம்பித்திருந்தது. யாவாரி வண்டி வரப்போரம் நின்றது, பெட்டிகள் பாதிதான் ஏறியிருந்தன. ராஜபாண்டி அவள் முகத்தைப் பார்த்தான், சேலைக்குள் நீட்டிக்கொண்டிருந்த வாலைப் பார்த்தான். கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"மழ எறங்குதுய்யா, எங்கிட்டுப் போற?" என்றான் யாவாரி.

"ஏத்துறத ஏத்து. வெடிச்சதத் தள்ளிரு. நான் வந்து பேசிக்கிறேன்."

அவளைப் பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு கம்பத்துக்குக் கிளம்பினான். மழை முகத்தில் அறைந்தது. பின்னால் அவள் மடிக்குள் செவத்தான் விட்டு விட்டு நடுங்கினான். பாதி வழியில் நடுக்கம் நின்றது. அது நின்றதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. சேலையை விலக்கிப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. "வெரசாப் போங்க" என்று அவன் முதுகில் சொன்னாள். "போய்க்கிட்டுத்தான இருக்கேன்" என்று சொல்லி இன்னும் முறுக்கினான்.

செவத்தானுக்கு மூச்சு இருந்தது. டாக்டர் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். இருவரும் ஈரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்கள் காலடியில் தண்ணீர் தேங்கியது. அவள் கையை அவன் பிடித்துக்கொண்டான். வெளியில் அவன் அப்படிச் செய்கிற ஆளில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது அவள் நெற்றி வியர்த்திருந்தது. "அடைப்பை எடுத்துட்டேன். இருக்கான்" என்றாள்.

"கருவாடு குடுத்துட்டாக டாக்டரம்மா. பக்கத்து வீட்டுல."

"குடுத்ததைப் பாத்தீங்களா?"

"இல்ல."

"போன தடவை மணலே இன்னும் முழுசாக் கரையலம்மா. யாரும் எதையும் குடுக்காமயே திரும்ப அடைக்கும். நீங்க எப்படி வெச்சீங்க, சொல்லுங்க."

நாகஜோதி சொன்னாள். தண்ணீரை இறுத்ததையும் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அவன் தின்னணும்னு செஞ்சீங்க, எனக்குப் புரியுது" என்றாள் டாக்டர். "ஆனா அவனுக்குத் தண்ணிதான் மருந்து. நிறையப் போனாத்தான் மணல் தங்காது. எப்படியாவது உள்ள போகணும். மூணாவது தடவை அடைச்சா, வழியை வெட்டி அகலமாக்குற ஆபரேஷன்தான். அதுக்கு மதுரைக்கோ திருச்சூருக்கோதான் போகணும்."

திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. தெருமுனையில் ராஜபாண்டி வண்டியை மெதுவாக்கினான். அன்னத்தாய் வீட்டு மொட்டைமாடியில் ஓலைப்பாய் தெரிந்தது. மேலே தார்ப்பாய் மூடி, நாலு மூலையிலும் கல் வைத்திருந்தது. மழையில் நனைந்ததை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு, அன்னத்தாய் வெளிப்படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து, சுவரைப் பிடித்து, நின்று நின்று. முழங்கால் தேய்ந்தவள். வாசலில் காயவைத்த பாயை எப்போது மாடிக்குத் தூக்கினாள் என்று நாகஜோதிக்குத் தெரியவில்லை. வாசலில் கருவாட்டு வாடை இல்லாமல் போய்ச் சில நாள் ஆகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. மணலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு மற்றதொன்றும் கண்ணில் படவில்லை.

"அவுக மேலதான் பழி போட்டியாக்கும்?" என்று கேட்டான் ராஜபாண்டி.

அவள் செவத்தானை அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் போய்க் கதவைத் தட்டினாள். "மதினி, நான் தெரியாமப் பேசிட்டேன்" என்று சாத்திய கதவிடம் சொன்னாள். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. அதற்கடுத்த நாள் அன்னத்தாய் சந்தைக்குப் போய்விட்டாள். பார்த்தாலும் பாராதது போலத்தான் போனாள்.

செவத்தானை இனி ஒரு கணமும் தனியாக விடுவதில்லை என்று, குழாயை எடுத்த பிறகு நாகஜோதி தோட்டத்துக்கும் தூக்கிக்கொண்டு போனாள். வெட்டு முடிந்த பந்தல் ஓய்ந்து கிடந்தது. அவன் மெலிந்த கால்களோடு கொடித்தூர் ஒவ்வொன்றாக மோந்துகொண்டு போனான். ஒரு தூரடியில் நின்று, சொட்டுநீர்க் குழாயின் துளைக்கு நேராக நாக்கை நீட்டினான். சொட்டு விழுந்தது. நக்கினான். அடுத்த சொட்டுக்குக் காத்திருந்தான். அதையும் நக்கினான். கிண்ணத்தில் வைத்தால் திரும்பியும் பார்க்காதவன் அங்கே வெகுநேரம் நின்று குடித்தான். நாகஜோதி அசையாமல் குத்தவைத்துப் பார்த்தாள். அசைந்தால் நிறுத்திவிடுவானோ என்று பயம்.

அன்று சாயங்காலமே ராஜபாண்டி ஒரு பிளாஸ்டிக் கேனில் அந்தக் குழாய்த் துண்டைச் செருகி, கொல்லை வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டான். சொட்டு வேகமாக விழுந்தது. முடுக்கினான், நின்றுபோனது. தளர்த்தினான். தோட்டத்தில் விழுவது போலவே விழுகிறவரை விடவில்லை. டப்பாச் சாப்பாட்டை அவள் வெந்நீரில் கரைத்து, கோழிச்சாற்றில் குழப்பி, விரலில் தொட்டுத் தொட்டு அவன் வாயோரம் தடவினாள். முதலில் நாக்கால் துடைத்தான். பிறகு விரலை நக்கினான். இரண்டு மூன்று நாளில் கிண்ணத்துக்குள் தலையை விட்டான். பாதியில் நிறுத்தினால் அவளும் மூச்சை நிறுத்துவாள். மறுபடி குனிந்தால் விடுவாள்.

இருந்தும் காலையில் கொல்லைக் கதவைத் திறக்கும்போது அந்தப் பயம் விடவில்லை. அன்றைக்கும் அப்படித்தான். செவத்தான் மணலைப் பறித்துக் குந்தினான். வெகுநேரம் குந்தினான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் சத்தம் போடவில்லை. எழுந்து, மணலைத் தள்ளி மூடி, நடந்துபோனான். ஓடிப்போய் மண்டியிட்டு விலக்கினாள். கையகலத்துக்கு மணல் நனைந்து கருத்திருந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் அசைவு கேட்டது. யாரோ வெகுநேரமாக அங்கே நின்றிருக்கவேண்டும்.

"ஏத்தா."

நாகஜோதி நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று இருந்தது.

"போனானா?" என்றாள் அன்னத்தாய்.

நாகஜோதி நனைந்த மணலை இரண்டு கையாலும் அள்ளி எழுந்து சுவருக்கு மேலே நீட்டினாள். அன்னத்தாய் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"நல்ல ஈரந்தான்" என்றாள்.

"நாளைக்கும் போகணுமே மதினி."

அன்னத்தாய் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கும் கேக்குறேன்" என்றாள்.